சக்கரம் வைத்த கடை

என் கடைக்குச் சக்கரம் உண்டு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மினி லாரியின் பழைய டயர்கள். ஆஸ்பத்திரி ரோட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் குனிந்து அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். "ஏனுங்க்கா, இதை எங்காச்சும் ஓட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்பார்கள். "ஒருக்கா போயிருக்குதுங்க" என்பேன். அதற்கு மேல் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு அந்தக் கோபம் எங்கேயோ போய்விடும், அதற்குள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவருக்கு பஸ் போய்விடும்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பெண்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள், என்னிடம்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள். அவர் கட்டடத்தில் கடை வைத்திருந்த எல்லோரும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டோம். அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பெண்ணும் அண்ணா என்றுதான் சொல்லுவாள். பெண்கள் எல்லோரையும் அவர் அம்மிணி என்பார். மனசு இளகிவிட்டால் சாமி என்பார். சாமி என்று ஆரம்பித்தாரென்றால் நாம் கேட்டது நடக்காது என்று அர்த்தம்.

நாமக்கல்லில் முப்பது வருடம் லாரிக்குப் பாடி கட்டியவர். அவர் கட்டிய கேபினில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி, தலைக்கு மேலே சாமான் போட ஒரு அட்டாலி, அந்த அட்டாலிக்குள் இன்னொரு அட்டாலி, கதவுப் பலகையில் சீப்பு செருக ஒரு பள்ளம் எல்லாம் இருக்கும். அண்ணா கேபினில் மாமியாரைத் தவிர எல்லாவற்றையும் வைக்க இடம் இருக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னாராம். அதை அவரே பெருமையாகச் சொல்லுவார். சும்மா கிடக்கிற இடத்தை அவரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அந்த ஒரு குணம்தான் அவர். மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை.

அவருடைய மொபெட்டின் பின் சீட்டு காலியாகப் போய் யாரும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவதென்றாலும் டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "பஸ் ஸ்டாண்டுக்கு ஆரு வாரீங்க?" என்று கேட்பார். ஆள் கிடைக்கும்வரை நிற்பார். முன்பின் தெரியாதவர்களைக் கூட்டிப்போய் அவர்கள் கேட்காத இடத்தில் இறக்கிவிட்டு வந்திருக்கிறார். ஒரு நாள் யாருமே கிடைக்கவில்லை. கட்டட வேலைக்கு வைத்திருந்த அரை மூட்டை மணலைத் தூக்கிப் பின்னால் வைத்துக்கொண்டு கரண்ட் ஆபீஸுக்குப் போனார். வேலையை முடித்து அதே மணலோடு திரும்பி வந்தார். எதற்கு என்று கேட்டேன். "எடம் சும்மாதான போகுது அம்மிணி" என்றார். அவர் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்கு இன்னும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

நான் கடைக்கு இடம் தேடியபோது என் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் இருந்தார். போர் போடுகிற வண்டி, போனால் ஆறு மாதம் எட்டு மாதம் ஆகும். எங்களுக்குச் சொந்த ஊர் மல்லசமுத்திரம். சேலத்தில் ஒரு அச்சகத்தை மூடியபோது அங்கிருந்த பெரிய ஜெராக்ஸ் மெசினை வாங்கி வைத்திருந்தேன். பெரியது என்றால் சாதாரணப் பெரியது இல்லை, இரண்டு பீரோவைப் படுக்கப் போட்ட அளவு. அதை வைத்துக்கொண்டு நாமக்கல்லில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் ஒரே பேச்சு: "ஊட்டுல ஆம்பளைங்க ஆராச்சும் வந்து பேசச் சொல்லும்மா." அண்ணா ஒருவர்தான் அதைக் கேட்கவில்லை. "மெசினு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மோகனூர் ரோட்டில் அவர் கட்டிய வணிக வளாகம் அது. மேலே இரண்டு மாடியிலும் கடைகள், மூன்றாவது மாடியில் அவர் வீடு. கீழ்த்தளத்தில் மூன்று பக்கமும் சுற்றுச்சுவர், உள்ளே சுவரே கிடையாது, தூண்கள் மட்டும்தான். நடுவில் பன்னிரண்டு அடிக்கு ஒரு வழி, வழிக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு கட்டம், மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டு ஒன்று முதல் எட்டு வரை எண் எழுதியிருந்தது. மேலே எங்கும் காலி இல்லை என்று என்னை அங்கேதான் கூட்டிப்போனார்.

"இது பார்க்கிங் இல்லீங்களாண்ணா?"

"ஆமா அம்மிணி. மேல இத்தன கடை இருந்தா கீழ இத்தன காரு நிறுத்த எடம் உடோணும்னு சட்டம். பிளான்ல கோடு போட்டுக் காட்டுனாத்தான் கட்டவே உடுவாங்க. எட்டுக் காருக்கு உட்டிருக்கறேன்."

"அப்பறம் எப்படிங்ணா இங்க கடை வெக்கறது?"

"கடை வெக்கக் கூடாது. செவுரு எழுப்பக் கூடாது. வண்டி நிறுத்தலாமல்ல?" எட்டாம் எண் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டார். வழியின் கடைசியில் பின்சுவரை ஒட்டிய கட்டம் அது. "ரெண்டு காருதான் வருது. மிச்சமெல்லாம் சும்மா கெடக்குது. எனக்குத் தூக்கமே வரமாட்டீங்குது. உன்ற கடையை வண்டியாவே கட்டிப் போடறேன். வண்டியைக் கொண்டாந்து பார்க்கிங்ல நிறுத்துனா எவன் கேக்கறது?"

நாமக்கல்லைத் தவிர வேறு எந்த ஊரில் ஒருவருக்கு இப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரியவில்லை. மூடிவிட்ட தன் லாரிப் பட்டறையிலிருந்து சாமான்களை எல்லாம் கொண்டுவந்து அவரே கட்டினார். லாரி வேலையில் முதலில் சேசிஸ் என்கிற அடிச்சட்டம் வரும், அதற்கு மேல்தான் பாடி ஏறும். அந்தப் பழக்கத்தில் முதலில் இரும்புச் சட்டமும் சக்கரமும், அதற்கு மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி என் மெசின், பிறகு சுற்றிலும் அலுமினியத் தகடு, கடைசியில் கூரை. எட்டடிக்குப் பதினாறடி, மஞ்சள் கோட்டை ஒரு விரற்கடைகூடத் தாண்டவில்லை. உள்ளே காகிதம் வைக்க அட்டாலி, என் செருப்பு வைக்க ஒரு பெட்டி, முன்னால் மடக்கி இறக்கினால் மேசையாகும் பலகை, பின்தகட்டில் லாரிக்கு வைப்பதுபோல் ஒரு சின்ன ஜன்னல். பின்பக்கம் பெயிண்டர் பழக்கதோஷத்தில் 'பத்தடி இடைவெளி விடவும்' என்று எழுதிவிட்டார். பின்பக்கம் சுவர்தான், யார் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

கடைசியாகக் கதவு மாட்டினார். அந்தக் கதவு என் மெசினைவிட அரையடி குறுகல் என்பதை நானும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. வேண்டுமென்றேதான் செய்தார் என்று என் வீட்டுக்காரர் இன்றும் சொல்லுவார். நான் அப்படி நினைக்கவில்லை. உள்ளே வைத்த ஒரு பொருளை யாராவது வெளியே எடுப்பார்கள் என்ற யோசனையே அந்த மனிதருக்குக் கிடையாது.

ஒரு வருடத்துக்குள் எட்டுக் கட்டத்திலும் எட்டு வண்டி நின்றது. ஃபேன்சி ஸ்டோர், தையல் கடை, செல்போன் ரிப்பேர், எல்லாம் சக்கரத்தின் மேல். அப்போது நகராட்சியிலிருந்து ஒரு நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். கையில் வரைபடம் வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துவிட்டு என் கடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்னங்க இது?"

"வண்டிங்க" என்றார் அண்ணா.

"வண்டின்னா ஓடணுமே."

"தள்ளுனா ஓடுமுங்க."

நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். நான் உள்ளேதான் இருந்தேன், யாரோ ஒருவரின் ரேஷன் கார்டு மெசினில் ஓடிக்கொண்டிருந்தது. கடை ஓரடி நகர்ந்தது. ஆய்வாளர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நடுவில் இருந்த வழியைக் காட்டி, "இதை மட்டும் அடைச்சுடாதீங்க. வண்டின்னா வெளிய போக வழி இருக்கணும். இல்லேன்னா அது வண்டி இல்லே" என்றார். அண்ணா தலையை ஆட்டினார். அந்த ஆய்வாளர் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார்.

அதற்கப்புறம் அண்ணாவின் சம்சாரம் இறந்துபோனார். அதிகம் பேசாத அம்மா. மாடியிலிருந்து சில நாள் எனக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்புவார். காரியம் முடிந்த மறுவாரம் நான் மேலே போனபோது அவர் படுத்திருந்த அறையில் கூரியர் கம்பெனியின் சாக்கு மூட்டைகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஜன்னல்கூடத் தெரியவில்லை. என்னங்ணா இது, இத்தனை சீக்கிரத்தில் என்று கேட்டுவிட்டேன்.

"சும்மா கெடந்தா அவ அங்க உக்காந்திருக்கற மாதிரியே இருக்குது சாமி" என்றார். "இப்பப் பாரு, உக்காற எடமில்லை."

அதைக் கேட்டபிறகு அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த அறைக்கு ஆன கதிதான் கீழே எங்களுக்கும் ஆகப்போகிறது என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் திட்டியிருப்பேன். வழியின் வாசலில் முதலில் ஒரு ரீசார்ஜ் கடை வந்தது. "சின்ன வண்டிதான் அம்மிணி" என்றார். அடுத்து ஜூஸ் கடை. அதற்குப் பின்னால் முட்டைக் கடை, அட்டை அட்டையாக முட்டை அடுக்கி வைத்து, ஓரத்தில் ஆம்லெட்டும் போடுவார்கள். பன்னிரண்டு அடி வழியின் நடுவில் எட்டடி அகலத்துக்கு இவை வரிசையாக நின்றன. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிச் சந்து மிச்சம். ஆம்லெட்டுக்கு ஒருவர் நின்றால் அவர் தின்று முடிக்கும்வரை என் கடைக்கு ஆள் வர முடியாது. நான் சாப்பிடப் போவதற்கே பக்கவாட்டில்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் போய் அவரிடம் நின்றேன். ஒவ்வொரு தடவையும் அவர் ஏதும் சொல்வதற்கு முன்னால் எனக்கே அந்தப் பழைய கேள்வி ஞாபகம் வந்துவிடும். மெசினு எவ்வளவு நீளம் என்று கேட்ட மனிதர். "பாத்துக்குங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

கடைசியாக அறை மாதிரி ஒரு பெட்டி வந்தது. முட்டைக் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் வழியின் முடிவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் தனக்கென்று ஒன்று கட்டிக்கொண்டார். ஒரு நாற்காலி, ஒரு மேசை விசிறி, ஒரு தண்ணீர்ப் பானை. காலையில் மாடியிலிருந்து இறங்கினால் பொழுது சாயும்வரை அங்கேதான் உட்கார்ந்திருப்பார். என் பலகையை இறக்கி வைத்தால் அதற்கும் அவருடைய தகட்டுக்கும் நடுவே ஒரு கை போகும் அளவுதான் இடைவெளி. நாள் முழுக்க அவர் இருமுவது எனக்குக் கேட்கும், என் மெசின் ஓடுவது அவருக்குக் கேட்கும். வெளிச்சம் வருவது நின்றுபோனது. மழையா வெயிலா என்று ரீசார்ஜ் கடைப் பெண்ணைக் கூவிக் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

வாடிக்கையாளர்கள் உள்ளே வருவதை விட்டுவிட்டார்கள். வாசலில் நின்று காகிதத்தை ரீசார்ஜ் கடையில் கொடுப்பார்கள். அங்கிருந்து ஜூஸ் கடை, அங்கிருந்து முட்டைக் கடை, அங்கிருந்து அண்ணா, அண்ணா கையை நீட்டி என்னிடம் தருவார். நகல் அதே வழியில் திரும்பிப் போகும். மாம்பழச் சாறு படாமல் போனால் அதிர்ஷ்டம். முதலில் எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் படித்தார்கள். யார் பெண்ணுக்கு எவ்வளவு மார்க், யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் நிலம் யார் பேருக்கு மாறுகிறது என்பதெல்லாம் முட்டைக் கடைக்காரருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் காலையில் ஒரு கட்டுக் காகிதம் இப்படிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே முட்டைக் கடைக்காரர் தலையை நீட்டி வாசலைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். "ஏனம்மிணி, எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். பொறுத்துப் போனா சரியாயிரும். கோர்ட்டுக்கெல்லாம் போனா ஒறம்பரை சொந்தத்துக்குள்ள பேரு கெட்டுப்போயிரும்." ஜூஸ் கடைக்காரரும் ஒரு யோசனை சொன்னார். அண்ணா மட்டும் படிக்காமல் என்னிடம் நீட்டினார். மணவிலக்கு மனு. நான் முதல் பக்கத்தை மெசினில் வைப்பதற்குள் அந்தப் பெண் சந்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இருபத்தைந்து வயது இருக்கும். சேலையெல்லாம் ஆம்லெட் எண்ணெய். காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு அதே சந்தில் திரும்பிப் போனாள். எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நான் வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் இங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆஸ்பத்திரி ரோட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் காலி மனை இருந்தது. கடையை அப்படியே கொண்டுவந்து நிறுத்திக்கொள், முறையாக அனுமதி வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். கடை என்னுடையது, சக்கரம் இருக்கிறது, முன்னால் நிற்கிற நான்கையும் ஒரே ஒரு நாள் நகர்த்தினால் நான் வெளியே போய்விடலாம். மெசினை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாமென்றால் கதவு விடாது, தகட்டை அறுத்து எடுத்தாலும் சந்தில் நுழையாது. மெசின் இல்லாமல் போனால் என் பிழைப்பு இல்லை.

அவரிடம் கேட்டேன். அந்தக் கையகல இடைவெளி வழியாகத்தான் கேட்டேன், அவர் நாற்காலியில் இருந்தார்.

"அதுக்கென்ன, ஆடி போகட்டும் சாமி" என்றார்.

சாமி என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆடி போனது. ஆவணியில் முட்டைக் கடைக்காரர் வீட்டில் கல்யாணம், அப்புறம் ஆகட்டும் என்றார். ஐப்பசியில் மழை. தையில் கேட்டபோது "நீ போயிட்டா அந்த எடத்துக்கு ஆரும் வரமாட்டாங்க அம்மிணி. கடைசி எடம். சும்மா கெடக்கும்" என்றார். "எனக்கு மூச்சு முட்டுதுங்ணா" என்றேன். மேசை விசிறியைத் தூக்கி என் பக்கமாகத் திருப்பி வைத்தார். சத்தியமாக, அதைத்தான் செய்தார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தேன். போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "எடம் குடுத்த மனுசன். மெதுவாக் கேளு" என்பார். அவர் ராய்ப்பூரில் வெட்டவெளியில் நின்றுகொண்டு பேசுவார், அவருக்கென்ன.

அப்படியே மூன்று வருடம் ஓடியது. நான் சண்டை போட்டு வெளியே வரவில்லை. வழி வெளியிலிருந்து வந்தது. வளாகத்துக்கு வருகிற கார்கள் எல்லாம் ரோட்டிலேயே நின்று, ஒரு நாள் கரும்பு லாரியும் பஸ்ஸும் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்டன. அரை நாள் யாரும் நகர முடியவில்லை. யாரோ மனுக் கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த நகரமைப்பு அதிகாரி ஒரு பெண், வயது முப்பதுக்குள்தான் இருக்கும். சந்துக்குள் பக்கவாட்டில் நடந்து என் கடைவரை வந்து பார்த்த முதல் அதிகாரி அவர். வெளியே போய் நின்று வரைபடத்தை விரித்தார்.

"பழைய பைல்ல எல்லாத்தையும் வண்டின்னு எழுதியிருக்காங்க. சரி, வண்டின்னே இருக்கட்டும். அடுத்த புதன்கிழமை பத்து மணிக்கு நான் வருவேன். எல்லா வண்டியும் வெளிய வரட்டும், யாரோட பொருளை அவங்க கொண்டுபோகட்டும். வெளிய வராத எதுவும் வண்டி இல்ல, கட்டுமானம். அதுக்கு உள்ள இருக்கற பொருளோட சேத்து சீல் வெப்பேன்."

அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சீல் வைத்தால் மெசின் உள்ளேயே போய்விடும். அண்ணா வழக்கம்போல் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார், இருமினார், மேலே போனார்.

புதன்கிழமை ஒவ்வொன்றாகத் தள்ளினோம். ரீசார்ஜ் கடை வெளியே போனது. ஜூஸ் கடைக்குக் காற்றில்லாத டயர், கிறீச்சிட்டுக்கொண்டே போனது. முட்டைக் கடையிலிருந்து முட்டையை எல்லாம் இறக்கிவிட்டுத் தள்ளினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு என் பலகைமேல் ரோட்டு வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. மிச்சம் அண்ணாவின் பெட்டி. அவர் உள்ளே நாற்காலியில்தான் இருந்தார். நான்கு பேர் போய் அதைத் தள்ளினார்கள். அசையவில்லை. அந்த அதிகாரி குனிந்து அடியில் பார்த்தார். நானும் பார்த்தேன். நான்கு இரும்புக் கால்கள், தரையில் கான்கிரீட் போட்டு இறுக்கியிருந்தது.

"இதுக்குச் சக்கரம் எங்கீங்க ஐயா?"

"வெக்கலீங்க."

"எல்லாத்துக்கும் வெச்சிருக்கீங்களே."

"நான் எங்கீங்க போகப்போறேன்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார், என் கடையைப் பார்த்தார். "இது போகாம அது வெளிய வராது. ரெண்டுக்கும் சேத்துதான் சீல் வெக்கணும்" என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனால் பையிலிருந்து சீல் வைக்கிற காகிதத்தை எடுத்துவிட்டார்.

நான் இடைவெளி வழியாகக் கையை நீட்டி அவருடைய தகட்டைத் தட்டினேன். அத்தனை வருடமும் சொல்லாமல் விட்டது அப்போதுதான் வந்தது.

"அண்ணா, அன்னிக்கு ஆரும் குடுக்காதப்ப எடம் குடுத்தீங்க. நான் மறக்கலீங்ணா. இன்னிக்கு வழி குடுங்ணா. என்னைய வெளிய உடுங்ணா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து வெளியே வந்தார். படியேறி மேலே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பட்டறைக் காலத்துக் கேஸ் கட்டரை ஒருவர் உதவியோடு தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முட்டைக் கடைக்காரர், "நான் அறுக்கறனுங்ணா" என்று கேட்டார். அவர் தரவில்லை. முப்பது வருடம் கட்டியே பழகிய கை, அறுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு காலாக நிதானமாக அறுத்தார். அதிகாரி நேரம் ஆகிறது என்று சொல்லவில்லை, ஒரு தூணில் சாய்ந்துகொண்டு நின்றார். நான்காவது கால் விட்டதும் எட்டுப் பேர் பெட்டியைத் தூக்கிப்போய் ரோட்டோரம் வைத்தார்கள்.

பிறகு என் கடையைத் தள்ளினார்கள். நான் உள்ளேதான் இருந்தேன், முதல் தடவையைப்போலவே. எட்டாம் எண்ணிலிருந்து வெளியே வந்து, முன் சக்கரம் திரும்பி, அந்தப் பன்னிரண்டு அடி வழியில் உருண்டு போனபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது நிஜம், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வாசலுக்கு வந்ததும் வெயிலில் கண் கூசியது.

மற்ற வண்டிகளும் மத்தியானத்துக்குள் போய்விட்டன. டிராக்டருக்குக் காத்திருந்தபோது நான் ஒரு தடவை உள்ளே போனேன். தளம் முழுவதும் காலி. மஞ்சள் கோடுகள் மங்காமல் இருந்தன. அண்ணா எட்டாம் எண் கட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இனி இங்க என்ன நிறுத்தறது அம்மிணி?"

"காருங்ணா."

"காரு போயிருச்சுன்னா?"

"சும்மா கெடக்கும்ங்ணா."

அவர் தலையை ஆட்டினார். வழியை அடைக்காதீங்க என்ற அந்தப் பழைய ஆய்வாளருக்கு ஆட்டிய அதே மாதிரி.

இன்றைக்கு நான் வெளியே வந்துவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உட்கார்ந்திருப்பது அவர் கட்டிய அதே எட்டடிக்குப் பதினாறடியில்தான். அந்தப் பெரிய மெசின் ஓடாமல் நின்று நான்கு வருடம் ஆகிறது. கதவு வழியே வராது, தகட்டை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் தலைமேலே புது மெசினை வைத்து ஓட்டுகிறேன். அந்த இடமும் வீண் போகவில்லை என்று அவர் இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான் வந்த மறுவருடமே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு டிராக்டர் வந்து கடையைக் கட்டி இழுக்க ஆரம்பித்தபோது அவர் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு என் பலகைக்குக் கீழே வந்து நின்றார்.

"ஆஸ்பத்திரி ரோடு வரைக்கும் வாரேன். பின்னால ஏறிக்க அம்மிணி, எடம் இருக்குது."

மூன்று வருடம் என்னை அடைத்து வைத்த மனிதர். எனக்குள் அந்தக் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. "இல்லீங்ணா, நான் இதுலயே வாரேன்" என்றேன்.

அவர் வேறு யாரையும் கூப்பிடவில்லை. டீக்கடைப் பக்கம் போய் நிற்கவில்லை. கடை ரோட்டில் ஏறிய பிறகு நான் பின்பக்கச் சின்ன ஜன்னலைத் திறந்து பார்த்தேன். பத்தடி தள்ளி அவர் வந்துகொண்டிருந்தார். பின் சீட்டில் ஆள் இல்லை, மணல் மூட்டையும் இல்லை. ஏறியிருந்தால் பத்து நிமிடப் பயணம்தான். நான் ஜன்னலை மூடிவிட்டேன்.